கே.ஐ.வி. போடப்பட்ட குடியரசு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில் பெரியவர்கள் இன்னமும் ஸ்காட் ரோடு என்று சொல்லும் சாலையின் இன்றைய பெயர் ஜாலான் டி. எஸ். இராமநாதன். 1957 கடைசியிலிருந்து 1961 வரை இந்த மாநகரின் மேயராக இருந்தவர் அவர். தொழிற்கட்சிக்காரர். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு மன்றத்துக்கு அனுப்பிய ஆள். மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தலே 1951 டிசம்பரில் இந்த ஊரில்தான் நடந்தது. அப்போது மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, இன்னும் ஆறு வருடம் இருந்தது.

இன்று அதே சாலையில் லொங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் புகார் கொடுக்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். மன்ற உறுப்பினரை ஓட்டுப் போட்டு மாற்ற மட்டும் முடியாது. வீட்டு வரியைப் பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவையும் ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தடவையும் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்களை மாநில அரசு நியமிக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி மேயர் நீங்கலாகக் குறைந்தது 8 பேர், அதிகம் போனால் 24 பேர். ஒரு நியமனம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. கோலாலம்பூரில் அதுவும் கிடையாது. டத்தோ பண்டார் (மேயர்) ஒருவர், அவருக்கு ஓர் ஆலோசனைக் குழு, அவ்வளவுதான். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் மாநிலச் சட்டமன்றமும் இல்லை. ஆகவே கோலாலம்பூர்க்காரர் கையில் கிடைப்பது நாடாளுமன்றத்துக்கான ஒரே ஒரு வாக்குச்சீட்டு.

இந்தத் தேர்தலை யார் ஒழித்தார்கள் என்று தேடினால் ஒழித்த நாள் என்று ஒன்று அகப்படாது. 1965 மார்ச் 1 அன்று, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, அவசரகால விதியின் கீழ் உள்ளாட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அமைதி திரும்பியதும் மறுபடி நடத்துவோம் என்று பிரதமர் துங்கு வாக்குக் கொடுத்தார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. நடுவில் ஓர் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வரவேண்டும் என்றுதான் அந்த ஆணையம் 1968-இல் எழுதிக் கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 1976-இல் வந்த சட்டம் அதன் 15-ஆம் பிரிவில் தேர்தல் விதிகளை மொத்தமாகச் செல்லாதாக்கியது. அதாவது பதினொரு வருடமாக நடக்காமல் இருந்ததை அந்தச் சட்டம் எழுத்தில் பதிந்தது.

நம்மூர் அலுவலகங்களில் இதற்கு ஒரு சொல் உண்டு: கே.ஐ.வி. 'கீப் இன் வியூ', பிறகு பார்க்கலாம் என்று கோப்பை ஒதுக்கி வைப்பது. மனு மறுக்கப்பட்டது என்று சொன்னால் மேல்முறையீடு செய்யலாம். கே.ஐ.வி. போட்டாச்சு என்றால் யாரிடம் போய் நிற்பது?

மாமாக் கடையில் டிவிச் செய்தி ஓடும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: அமெரிக்காவிலேயே இப்படியா? 1787-இல் எழுதி 1789-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு. இருநூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் குடியரசு. அது கெடுகிறதென்றால் டாங்கி வரும், வானொலி நிலையத்தைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். பழைய குடியரசுகள் அப்படிக் கெடுவது குறைவு. அங்கே பெரும்பாலும் நடப்பது கே.ஐ.வி.தான். செய்ய வேண்டியவர் செய்யாமல் உட்கார்ந்துவிடுகிறார். சட்டத்தில் "செய்ய வேண்டும்" என்று இருக்கிறது, "எப்போதைக்குள்", "செய்யாவிட்டால் என்ன" என்பது இல்லை.

செய்ததும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியா மாநிலச் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு 11,780 வாக்குகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் அங்கே தோற்றது 11,779 வாக்கில். நான்கு நாள் கழித்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அந்த வழக்குகளில் சிக்கிய ஏறக்குறைய 1,500 பேருக்கு மன்னிப்பு. அதெல்லாம் கேமரா முன்னால் நடந்தது, உலகமே பார்த்தது. கேமரா இல்லாத இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் நீதிமன்ற நாற்காலி. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர். அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். மார்ச் 16 அன்று ஒபாமா மெரிக் கார்லண்ட் பெயரை அனுப்பினார். செனட்டில் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம். அவர்கள் கார்லண்டை நிராகரிக்கவில்லை. நிராகரித்திருந்தால் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ஒரு வாக்கு பதிவாகியிருக்கும். விசாரணைக்கே கூப்பிடவில்லை. 293 நாள் கோப்பு அப்படியே கிடந்தது, செனட்டின் அந்தக் கூட்டத்தொடர் முடிந்ததும் நியமனமும் காலாவதியானது. தேர்தல் வருடத்தில் நீதிபதி நியமனம் கூடாது, மக்கள் முடிவு செய்யட்டும் என்பது அப்போது சொன்ன காரணம். 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது அதுவும் தேர்தல் வருடம்தான். அக்டோபர் 26-க்குள் ஏமி கோனி பாரெட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. தேர்தலுக்கு எட்டே நாள் பாக்கி. இரண்டு தடவையும் சட்டம் மீறப்படவில்லை. அரசமைப்பு "சம்மதம்" என்று மட்டும்தான் சொல்கிறது, கெடு எதுவும் போடவில்லை. எழுதாத கெடுவை இருநூறு வருடம் வழக்கம் தாங்கிக்கொண்டிருந்தது. வழக்கம் போனதும் ஓட்டை தெரிந்தது.

அடுத்தது நாள்காட்டி. எனக்குத் தெரிந்து இதைவிடக் குயுக்தியான ஒன்று சமீபத்தில் இல்லை.

அமெரிக்காவில் தேசிய அவசரநிலைச் சட்டம் 1976-இல் வந்தது. அதிபர் அவசரநிலை அறிவிக்கலாம்; வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஈரான் விவகாரத்தில் 1979 நவம்பரில் அறிவித்த அவசரநிலை வருடாவருடம் புதுப்பித்துப் புதுப்பித்து இன்னமும் உயிரோடு இருக்கிறது. இப்படி நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. முடிவுக்குக் கொண்டுவரும் கடிவாளம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கையில் இருந்தது: இரு அவைகளும் தீர்மானம் போட்டால் போதும், அதிபர் கையெழுத்து தேவையில்லை. 1983-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரித் தீர்மானம் செல்லாது என்றது. அதன்பிறகு சட்டத்தைத் திருத்தி, அதிபரின் மேசைக்கும் போகும் தீர்மானமாக மாற்றினார்கள். அவசரநிலை போட்டவரே அதை முடிக்கும் தீர்மானத்தையும் மறுக்கலாம். மீற வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு. 2019-இல் எல்லைச் சுவர் விவகாரத்தில் இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டன, டிரம்ப் மறுத்தார், மூன்றில் இரண்டு சேரவில்லை.

இருந்தாலும் சட்டத்தில் ஒரு நல்ல பல் பாக்கி இருந்தது. தீர்மானம் ஒன்றை யாராவது கொண்டுவந்தால் குழு அதை 15 நாள்காட்டி நாளுக்குள் அவைக்கு அனுப்பியாக வேண்டும். பிறகு மூன்று நாளுக்குள் வாக்கெடுப்பு. அவைத் தலைமைக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, கே.ஐ.வி. போட முடியாது. 2025 பிப்ரவரி 1 அன்று கனடா, மெக்சிகோ மீதான வரிகளுக்காக அறிவித்த அவசரநிலையை எதிர்த்துத் தீர்மானம் வரப் போகிறது என்று தெரிந்தது. மார்ச் 11 அன்று கீழவை ஒரு விதியை நிறைவேற்றியது: இந்தத் தீர்மானத்தைப் பொறுத்தவரை, கூட்டத்தொடரின் மீதி நாள்களில் எந்த நாளும் "நாள்காட்டி நாள்" ஆகாது.

இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். பொழுது விடியும், சாயும், தேதி மாறும், சம்பளம் வரும். ஆனால் அந்தப் பதினைந்து நாள் மட்டும் வராது. வாக்கெடுப்பு வேண்டாம் என்று யாரும் வாக்களிக்கவில்லை. நாள் என்பது நாள் இல்லை என்றுதான் வாக்களித்தார்கள். தொகுதியில் போய் ஓட்டுக் கேட்கும்போது இதை விளக்கிச் சொல்லி எதிரணி ஆதாயம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், இந்த வழியை ஏன் எடுத்தார்கள் என்பது விளங்கும். குழப்பமாக இருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

பணத்திலும் இதே தேதி விளையாட்டுதான். எதற்கு எவ்வளவு செலவு என்று முடிவு செய்வது காங்கிரஸ். நிக்சன் காலத்தில் அதிபரே செலவை முடக்கி வைத்தார் என்பதால் 1974-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தத் தொகையை ரத்து செய்யுங்கள் என்று அதிபர் காங்கிரஸுக்கு எழுதலாம்; எழுதிய பிறகு 45 நாள் பணத்தை நிறுத்தி வைக்கலாம்; அதற்குள் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாவிட்டால் செலவழித்தே ஆகவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது, பல ஒதுக்கீடுகளின் ஆயுளும் அன்றோடு முடிகிறது. மார்ச் தொடக்கத்தில் எழுதினால் 45 நாள் ஏப்ரலில் தீர்ந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் எழுதினால் 45 நாள் முடிவதற்குள் பணம் செத்துவிடும். காங்கிரஸ் சம்மதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். 2025 ஆகஸ்ட் கடைசியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவிக்கு அப்படித்தான் கடிதம் போனது. ஏறத்தாழ ஐம்பது வருடம் யாரும் கைவைக்காத வழி அது. சட்டவிரோதம் என்று காங்கிரஸின் சொந்தத் தணிக்கை அலுவலகமே சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 26 அன்று, இறுதித் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், இப்போதைக்கு நிறுத்தியே வைக்கலாம் என்றது. நான்கு நாளில் செப்டம்பர் 30 வந்துவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

காலி நாற்காலிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கணக்கு சுலபம். தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தில் ஆறு பேர். முடிவெடுக்க நான்கு பேராவது வேண்டும். மூன்று பேரானால் விசாரணை தொடங்க முடியாது, அபராதம் போட முடியாது. ஆணையத்தைக் கலைத்தால் தலைப்புச் செய்தி. நாற்காலியை நிரப்பாமல் விட்டால் உள்பக்கத்தில் நான்கு வரி. 2019, 2020-இல் அப்படி முடங்கியது, 2025-இல் மறுபடி. அரசு ஊழியர்களின் பணிநீக்க மேல்முறையீட்டைக் கேட்கும் வாரியம் 2017 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை குறைந்தபட்ச உறுப்பினர் இல்லாமல் கிடந்தது. ஐந்து வருட மேல்முறையீடுகள் மூவாயிரத்துக்கும் மேல் குவிந்தன. இரண்டு கட்சி ஆட்சிக்கும் இதில் பங்குண்டு. பெரிய அளவில் இதே காட்சியை நாமும் பார்த்தோம்: 2021 ஜனவரியில் கோவிட்டைக் காரணம் காட்டி அவசரநிலை வந்து ஆகஸ்ட் 1 வரை நீடித்தபோது நாடாளுமன்றம் கலைக்கப்படவில்லை, கூட்டப்படவில்லை, அவ்வளவுதான். மாமன்னர் தம் கருத்தை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் ஜூலை கடைசியில் கூடியது.

இனி கையெழுத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம்மூரில் வாக்கு எண்ணுவது வாக்களித்த அதே பள்ளிக்கூட வகுப்பறையில். சாலுரான் (வாக்களிக்கும் வரிசை) ஒன்றுக்கு ஒரு போராங் 14, அதாவது வாக்கு எண்ணிக்கைப் படிவம். அதிகாரி எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட வேண்டும், வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கையெழுத்திட வேண்டும், பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்சிப் பணியாளர் அந்தத் தாளைப் படம் பிடித்து பிலிக் கெராக்கானுக்கு (கட்சியின் தேர்தல் பணி அறைக்கு) அனுப்பிவிட்டால் பிறகு யாரும் எண்ணை மாற்றுவது கடினம். 2018 மே 9 இரவு பல இடங்களில் போராங் 14-இல் அதிகாரி கையெழுத்திடவில்லை என்று புகார் எழுந்ததும் அத்தனை பேர் பதறியது அதனால்தான். எண்ணி முடித்தாயிற்று, முடிவு கரும்பலகையில் தெரிகிறது, ஆனால் கையெழுத்து இல்லாத தாள் வெறும் தாள்.

அமெரிக்காவில் இந்தச் சங்கிலி இன்னும் நீளம். வாக்குச்சாவடியிலிருந்து கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி), கவுன்ட்டியிலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள், கடைசியில் ஜனவரி 6 அன்று காங்கிரஸ். ஒவ்வொரு கணுவிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட வேண்டும். 2020-இல் மிச்சிகன் மாநிலத்தில் பைடன் ஜெயித்தது 1,54,188 வாக்கு வித்தியாசத்தில். டெட்ராய்ட் நகரம் இருக்கும் வேய்ன் கவுன்ட்டியில் கணக்கைச் சரிபார்க்கும் குழுவில் நான்கு பேர், கட்சிக்கு இருவர். தேர்தல் நடந்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். கெடு நவம்பர் 17.

அவர்கள் செய்ய வேண்டிய வேலை இது: வாக்காளர் பதிவேட்டில் எத்தனை பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது, பெட்டியில் எத்தனை சீட்டு இருந்தது என்று இரண்டையும் ஒப்பிடுவது. பல சாவடிகளில் ஒன்று இரண்டு வித்தியாசம் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். வரிசையில் நின்று பெயரைக் குறித்துவிட்டு, நேரமாகிறது என்று சீட்டைப் போடாமலே கிளம்பிப் போகிறவர் உண்டு. தபால் வாக்கு உறையைப் பிரித்தால் உள்ளே சீட்டே இல்லாமல் இருக்கும். இயந்திரத்தில் சீட்டு சிக்கிக்கொண்டு மறுபடி விடும்போது ஒன்று கூடும். இதெல்லாம் குறிப்பு எழுதி விளக்க வேண்டிய விஷயம். முடிவையே நிறுத்தி வைக்கும் விஷயம் இல்லை. முந்தைய தேர்தல்களில் இப்படி இருந்தும் சான்றளித்தே வந்திருக்கிறார்கள். நவம்பர் 17 மாலை குடியரசுக் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு. பொதுமக்கள் ஸூமில் வந்து மணிக்கணக்காகத் திட்டித் தீர்த்தார்கள். இரவு மறுபடி வாக்கெடுப்பு, நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாளே அந்த இருவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அடுத்து மாநிலக் குழு, நவம்பர் 23. அங்கேயும் நான்கு பேர், கட்சிக்கு இருவர். குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். இன்னொருவர், ஆரன் வான் லாங்கவெல்ட் என்ற இளம் வழக்கறிஞர், சட்டம் நமக்குக் கொடுத்த வேலை இதற்கு மேல் இல்லை என்ற வாதத்தோடு ஆதரவாக வாக்களித்தார். 3-0. ஒரு கோடி மக்கள் இருக்கும் மாநிலத்தின் தேர்தல் முடிவு அந்த ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது கட்சி அவர் பெயரை மறுபடி முன்மொழியவில்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்தே அடுத்து வருபவர் அந்த நாற்காலியில் உட்காருகிறார். கெடுதல் வேலை செய்வது அங்கேதான். அன்றைய முடிவில் அது தெரியாது.

2022-இல் நியூ மெக்சிகோவின் ஒடெரோ கவுன்ட்டி, இயந்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லி உட்கட்சித் தேர்தல் முடிவைச் சான்றளிக்க மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அதே வருடம் நவம்பரில் அரிசோனாவின் கோச்சீஸ் கவுன்ட்டி கெடு நாளைத் தாண்டி உட்கார்ந்திருந்தது; நீதிமன்றம் சொன்ன பிறகு டிசம்பர் 1 அன்று கையெழுத்து.

நீதிமன்றம் எப்போதும் இப்படி உதவிக்கு வராது. டென்னசி மாநிலச் சட்டமன்றம் 1901-க்குப் பிறகு அறுபது வருடம் தொகுதி எல்லையைத் தொடவே இல்லை. ஜனங்கள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள், இடங்கள் கிராமத்திலேயே தங்கிவிட்டன. பழைய எல்லையில் ஜெயித்தவர்கள்தான் புது எல்லையைப் போட வேண்டியவர்கள், எப்படிப் போடுவார்கள்? 1962-இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை நாங்கள் கேட்போம் என்றது, அதிலிருந்துதான் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற தீர்ப்புகள் பிறந்தன. 2019-இல் அதே நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காக எல்லையை வளைப்பது எங்கள் வேலைக்கு அப்பாற்பட்டது என்று 5-4 கணக்கில் கையைக் கழுவியது. ஒரே தீர்ப்பில் இரண்டு வழக்கு: வட கரோலினாவில் வளைத்தது குடியரசுக் கட்சி, மேரிலாந்தில் வளைத்தது ஜனநாயகக் கட்சி. 2025-இல் டெக்சாஸ் பத்து வருடக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் பாதியிலேயே எல்லையை மாற்றி ஐந்து இடம் கூடுதலாகக் குறிவைத்தது. கலிபோர்னியா நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து அதே மாதிரி பதிலடி கொடுத்தது.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. நல்ல மனிதர்கள் வரவேண்டும் என்று பிரார்த்திப்பதைவிட, சட்டத்தில் "இல்லாவிட்டால்" என்று தொடங்கும் ஒரு வரி சேர்ப்பது பலன் தருகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கா 1887-ஆம் ஆண்டின் வாக்கெண்ணும் சட்டத்தைத் திருத்தியது. முன்பு ஒரு செனட்டரும் ஒரு கீழவை உறுப்பினரும் சேர்ந்தால் ஒரு மாநிலத்தின் முடிவையே ஆட்சேபிக்கலாம். இப்போது ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். துணை அதிபருக்கு உறையைப் பிரித்து வாசிக்கும் வேலை மட்டும்தான் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். மாநிலங்கள் சான்று அனுப்ப, தேர்வாளர்கள் கூடுவதற்கு ஆறு நாள் முன்பு என்று கெடு. மிச்சிகன் வாக்காளர்கள் அதே வருடம் தங்கள் அரசமைப்பையே திருத்தி, சான்றளிப்பது கடமை, விருப்பம் இல்லை என்று சேர்த்தார்கள்.

நம்மிடமும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைக்கும் திருத்தத்தை மக்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. கூடவே தானியங்கிப் பதிவு. முன்பெல்லாம் நாமே போய்ப் பதிய வேண்டும். பதியாமல் விட்டவர் விட்டவர்தான். 2021 மார்ச்சில் ஏற்பாடுகள் முடியவில்லை, 2022 செப்டம்பருக்கு மேல்தான் முடியும் என்று அறிவிப்பு வந்தது. சரவாக் இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பர் 31-க்குள் அமல்படுத்த வேண்டும் என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் தேதி குறித்தது. முடியாது என்று சொன்ன வேலை டிசம்பர் 15 அன்றே முடிந்தது. 2018-இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் பட்டியல் 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

பினாங்கு மாநிலமும் உள்ளாட்சித் தேர்தலுக்கு இதே மாதிரி முயன்றுதான் பார்த்தது. 2012-இல் சொந்தமாக ஒரு சட்டம் இயற்றியது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்பது வாதம். மாநிலங்களுக்குள் ஒரே சீராக இருக்கச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு 76-ஆம் விதி அதிகாரம் தருகிறது, 1976 சட்டம் அப்படி வந்ததுதான் என்பது எதிர்வாதம். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. ஆக, 15-ஆம் பிரிவை எடுக்க நாடாளுமன்றத்தில் ஒரு சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. எத்தனையோ அரசாங்கம் வந்து போயிற்று, கோப்பு அங்கேயே இருக்கிறது. கூட்டரசு சபா மாநிலத்துக்குத் தர வேண்டிய சிறப்பு மானியத்தின் கதையும் இதே ரகம்: 1974-இல் செய்திருக்க வேண்டிய மறுஆய்வைச் செய்யாமல் விட்டது தவறு என்று கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் சொன்னது 2025 அக்டோபரில்.

தொகுதி எல்லையில் நம் நிலைமை டென்னசிக்கு ரொம்பத் தூரம் இல்லை. 2022 பொதுத்தேர்தலில் கோலாலம்பூருக்குப் பக்கத்திலிருக்கும் பாங்கி தொகுதியில் வாக்காளர்கள் 3,03,430 பேர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் 28,290 பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். ஈகான் ஆற்றோரக் கிராமங்கள், தூரம் அதிகம், அதற்குச் சலுகை நியாயம்தான். பத்து மடங்கு சலுகை நியாயமா என்பது வேறு கேள்வி. தீபகற்பத்தில் எல்லைகளைக் கடைசியாக மாற்றியது 2018-இல். அரசமைப்பின் 113-ஆம் விதி ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும் என்கிறது. அதிகபட்சம் எத்தனை வருடம் என்று அந்த விதியில் இல்லை.